உள்பக்கம் மட்டும் தேயும் டயர்

கேள்வி: என்னுடையது 2014 மாடல் ஸ்விஃப்ட். லோயரிங் ஸ்பிரிங் போட்டு 40 மி.மீ. இறக்கினேன். எட்டாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை, முன் டயர் இரண்டிலும் உள்பக்கம் கம்பி தெரிகிறது. அலைன்மென்ட் கடையில், "கேம்பர் அவுட், மெஷின் வைத்து இழுத்து நிமிர்த்திவிடலாம்" என்கிறார்கள். நண்பரோ கேம்பர் பிளேட் வாங்கச் சொல்கிறார். எதைச் செய்வது?
– வாசகர், ஈரோடு

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். ஸ்பிரிங் மாற்றிய பிறகு அலைன்மென்ட் பார்த்தீர்களா? பார்த்திருந்தால் அந்தப் பிரின்ட்அவுட்டைத் தேடி எடுங்கள். இல்லையென்றால், சரிசெய்யாமல் அளந்து மட்டும் தரச் சொல்லி, தாளைக் கையில் வாங்குங்கள்.

காரை இறக்கினால் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும். இதுதான் நெகட்டிவ் கேம்பர். கூடவே டோவும், அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்புறம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவும், மாறிவிடும். அதை யாரும் சொல்வதில்லை. ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி கேம்பர் மட்டும் இருந்தால் டயர் இவ்வளவு சீக்கிரம் போகாது. சக்கரங்களின் முன்புறம் வெளியே விரிந்திருந்தால், டயர் உருளும்போதே ரோட்டில் இழுபடும். கேம்பரும் சேர்ந்துகொண்டால் உள்விளிம்பு காலி.

கையாலேயே பார்த்துவிடலாம். டயரின் குறுக்கே உள்ளங்கையை ஒரு பக்கமாகத் தடவுங்கள், பிறகு எதிர்ப்பக்கமாக. ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறுதிசையில் ரம்பப் பல் மாதிரியும் உறுத்தினால் டோ கோளாறு. உறுத்தலே இல்லாமல் ஒரே சரிவாகத் தேய்ந்திருந்தால் கேம்பர்.

தாளைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில மெஷின்கள் டிகிரியும் நிமிடமுமாக அச்சிடும். 60 நிமிடம்தான் ஒரு டிகிரி. அதாவது 1 டிகிரி 30 நிமிடம் என்றால் ஒன்றரை டிகிரி, 1.3 அல்ல. இடது வலது இரண்டும் ஒரே அளவில் சாய்ந்திருந்தால் காரை இறக்கியதன் விளைவு. ஒரு பக்கம் மட்டும் அரை டிகிரிக்கு மேல் கூடுதலாக இருந்தால், ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கைத் தாங்கும் ஷாக் அப்சார்பர் தூண்) வளைந்திருக்கலாம், சக்கரத்தைக் கீழே பிடிக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் அல்லது பால் ஜாயின்ட் போயிருக்கலாம். முதலில் அதை மாற்றுங்கள்.

"மெஷின் வைத்து இழுப்பது" வேண்டவே வேண்டாம். ஹைட்ராலிக் ஜாக்கியால் ஸ்ட்ரட்டை வளைப்பதுதான் அது. தாளில் எண் பச்சையாகி, சரியான அளவு என்று காட்டிவிடும், உண்மைதான். ஆனால் ஸ்ட்ரட்டின் உள்ளே தண்டு நேராக ஓடாது. நாளடைவில் சீல் கசியும். கோணலை இன்னொரு கோணலால் மறைப்பதற்குக் காசு வேறு.

டோ சரிசெய்த பிறகும் கேம்பர் அதிகமாக இருந்தால் கேம்பர் போல்ட் போதும். உங்கள் காரில் ஸ்ட்ரட்டை நக்கிளோடு (சக்கரம் மாட்டியிருக்கும் பாகம்) பிடிக்கும் இரண்டு போல்ட்டுகளில் ஒன்றுக்குப் பதிலாக, நடுவில் முட்டை வடிவில் புடைத்த போல்ட் போடுவார்கள். அதைத் திருப்பினால் சக்கரம் சுமார் ஒரு டிகிரி நிமிரும். வாங்குமுன் பழைய போல்ட்டின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். அகலமான டயர் போட்டிருந்தால் ஃபெண்டர் விளிம்பில் உரசுகிறதா என்றும் பாருங்கள், ஏனென்றால் சக்கரத்தின் தலை வெளியே வரும். குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரென்ச் இல்லாத கடையில் மாட்ட வேண்டாம். நட்டின் மேல் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஸ்பீட் பிரேக்கரில் பலமாக விழுந்து போல்ட் நழுவினால் அந்தக் கோடு காட்டிக்கொடுத்துவிடும். போல்ட் மாட்டியதும் மறுபடி டோ பார்க்க வேண்டும். கேம்பரைத் தொட்டால் டோ மாறியே தீரும்.

கேம்பர் பிளேட், அதாவது ஸ்ட்ரட்டின் மேல்முனையில் மாட்டி கேம்பரை மாற்றும் தகடு, ரேஸ் ஓட்டுகிறவர்களுக்கானது. மேலே ரப்பருக்குப் பதில் உலோகம் இருப்பதால் ஒவ்வொரு பள்ளமும் காதில் விழும்.

அப்புறம், இறக்கியதை இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லியிருக்கிறீர்களா? தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. கிளெய்ம் நேரத்தில் இந்தக் கேள்வி வரலாம்.

கேள்வி: என் பழைய ஹோண்டா சிவிக்கையும் இறக்கியிருக்கிறேன். தேய்வது பின் டயர். அதே போல்ட் உதவுமா?
– வாசகி, திருச்சி

பதில்: உதவாது. சிவிக்கின் பின்பக்கம் ஸ்ட்ரட் கிடையாது, ஆர்ம்கள்தான். நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய மேல் ஆர்ம் தனியாக விற்கிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே வாங்குங்கள். உங்களுக்கும் முதல் வேலை பின் டோவை அளப்பதுதான்.