கேள்வி – பதில்: ஆய்வாளரின் பெருமையை எதனால் அளப்பது?

கேள்வி: பேராசிரியர்களைப் பாராட்டும் மேடைகளில் ‘எச் சுட்டெண்’ என்கிறார்களே, அது என்ன? மருத்துவ, தொழில்நுட்ப ஆய்வாளர்களை மதிப்பிட அது போதுமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: இயற்பியலாளர் ஜோர்ஜ் ஹேர்ஷ் 2005இல் முன்வைத்த கணக்கு அது. ஒருவருடைய கட்டுரைகளில் 20 கட்டுரைகள், ஒவ்வொன்றும் குறைந்தது 20 தடவை பிறரால் மேற்கோள் காட்டப்பட்டிருந்தால், அவருடைய சுட்டெண் 20ஐ எட்டுகிறது. வயது ஏற ஏற இந்த எண் கூடுமே தவிரக் குறையாது. மேற்கோள் காட்டும் வழக்கமும் துறைக்குத் துறை மாறும். ஆகவே கணினி விஞ்ஞானியையும் மருத்துவ ஆய்வாளரையும் இதைக் கொண்டு ஒப்பிடுவது, என் பார்வையில், வெறும் சோம்பேறித்தனம்.

இலங்கையின் மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலேயை எடுத்துக்கொள்ளுங்கள். அவசியமான மருந்துகளை மட்டும், வணிகப் பெயரில் அல்லாமல் பொதுப் பெயரில், நாட்டுக்கே மொத்தமாகக் கொள்வனவு செய்ய வேண்டும் என்று வாதாடி, 1971இல் உருவான அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராகவும் இருந்து அதைச் செய்து காட்டியவர் அவர். அந்தக் கூட்டுத்தாபனத்தின் மருந்துக் கடையான ஒசுசலவில் மருந்துச் சீட்டை நீட்டுகிறவர் அவருடைய கட்டுரை எதையும் மேற்கோள் காட்டப்போவதில்லை. பயன் மட்டும் அந்த நோயாளியிடம் போய்ச் சேர்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வி. கே. சமரநாயக்கவின் குழு 1982இல் தேர்தல் முடிவுகளைத் தொலைக்காட்சித் திரையில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் காட்டியதும் இத்தகைய பணியே.

அறிவியல், தொழில்நுட்பச் சாதனைகளுக்கென ‘வித்யாஜோதி’ என்ற தேசிய விருதை நம் அரசு வழங்குகிறது. அத்தகைய விருதுக்கு ஒருவரைப் பரிந்துரைப்பவர்கள், கட்டுரைப் பட்டியலுடன் அவர் உருவாக்கிய மாணவர்களையும், அவரால் மாறிய நடைமுறைகளையும் விரித்து எழுதுவதே முறை.