வேன் பாலத்தில் போகிறது: ‘அக்ராஸ்’ சரியா, ‘த்ரூ’ சரியா?

கேள்வி: மண்டபத்திலிருந்து தனுஷ்கோடிக்குச் சுற்றுலாப் பயணிகளை வேனில் கூட்டிப் போகிறேன். வழியை ஆங்கிலத்தில் சொல்லும்போது டு, இன்டூ, அக்ராஸ், த்ரூ எல்லாம் குழம்புகிறது. ‘ரீச் டு ராமேஸ்வரம்’ என்றேன், தப்பு என்றார் ஒருவர். எப்படிச் சரி செய்வது?

பதில்: அவர் சொன்னது சரிதான் தம்பி. ‘வீ வில் ரீச் ராமேஸ்வரம்’ என்றாலே போதும், ‘டு’ வேண்டாம்.

தமிழில் எப்படிப் போனோம் என்பதை வினையே சொல்லிவிடும்: கடந்தோம், நுழைந்தோம், இறங்கினோம். ஆங்கிலத்தில் பெரும்பாலும் வினை வெறும் கோ, டிரைவ், வாக் என்று நின்றுவிடும். வழியைக் காட்டுவது கூட வரும் சின்னச் சொல்தான். அதனால் ‘க்கு’ வரும் இடத்திலெல்லாம் ‘டு’ போடாதீர்கள். ‘கோ ஹோம்’, ‘கம் ஹியர்’ என்பவற்றில் ‘டு’ கிடையாது.

ரீச், கிராஸ், என்டர் போன்ற சில வினைகள் வழியையும் சேர்த்தே சொல்லிவிடும். அவற்றோடு இன்னொரு சொல்லை ஒட்டக் கூடாது. ‘டிரைவ் அக்ராஸ் த பிரிட்ஜ்’ சரி, ‘கிராஸ் த பிரிட்ஜ்’ சரி, ‘கிராஸ் அக்ராஸ்’ தப்பு. கோயிலுக்கும் அப்படியே: ‘கோ இன்டூ த டெம்பிள்’ அல்லது ‘என்டர் த டெம்பிள்’. ஒப்பந்தம் போடுவதைச் சொல்லும்போது ‘என்டர் இன்டூ’ வரும், அது வேறு கணக்கு.

இனி பாம்பன். இதைவிட நல்ல பாடம் உங்களுக்குக் கிடைக்காது. 1988-இல் திறந்த சாலைப் பாலத்தில் வேன் போவதற்கு ‘அக்ராஸ்’, ‘ஓவர்’ இரண்டுமே பொருந்தும். இக்கரையிலிருந்து அக்கரை சேர்வதை ‘அக்ராஸ்’ காட்டும், மேலே ஏறிக் கடப்பதை ‘ஓவர்’ காட்டும். அதே பாலத்தைப் படகு கடப்பது ‘அண்டர்’. ‘த்ரூ’ என்றால் ஒன்றின் உள்ளே புகுந்து வெளியே வருவது. குகைப்பாதைக்கும் கூட்டத்துக்கும் ஊருக்கும் சொல்லலாம், பாலத்தின் மேல் ஓடும் வேனுக்குச் சொல்லக் கூடாது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தின் நகரும் பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும். அப்போது அதற்குக் கீழே போகும் கப்பலுக்கும் ‘அண்டர்’தான்.

பாலம் தாண்டியபின் இப்படிச் சொல்லலாம்: ‘வீ கோ த்ரூ ராமேஸ்வரம் டவுன், பாஸ்ட் த ரூயின்ட் சர்ச், ஆல் த வே டு அரிச்சல்முனை.’ ‘பாஸ்ட்’ என்றால் பக்கத்தில் தாண்டிப் போவது. 1964 புயலில் சிதைந்த அந்த தேவாலயத்தில் வண்டியை நிறுத்துவதாக இருந்தால் ‘டு த சர்ச்’ என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் இறங்க நினைத்தவர் ஏமாந்துபோவார். ‘டுவர்ட்ஸ்’ திசையை மட்டும் சொல்லும். போய்ச் சேர்வோம் என்ற உறுதி அதில் இல்லை. கடலோரமாக நடப்பதற்கு ‘அலாங் த பீச்’, கடலுக்குள் இறங்குவதற்கு ‘இன்டூ த சீ’.

அப்புறம், ஏறுவதும் இறங்குவதும். பஸ், ரயில், கப்பல் என்றால் ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’. கார், ஆட்டோ, சின்ன வள்ளத்துக்கு ‘கெட் இன்டூ’, ‘கெட் அவுட் ஆஃப்’. உங்கள் வேனையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘கெட் டவுன்’ நம் ஊரில் எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டுக்காரரோ குனியச் சொல்கிறீர்கள் என்று நினைக்கக்கூடும். அவர்களிடம் ‘யூ கேன் கெட் அவுட் ஹியர்’ என்று சொல்லுங்கள்.