பி0420: கன்வெர்ட்டரை மாற்றுவதற்கு முன் (கேள்வி பதில்)

கேள்வி: என் பெட்ரோல் காரில் செக் என்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் பி0420 என்ற பழுதுக் குறியீடு (கோடு) வந்தது. புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போய்விட்டது, மாற்றியே ஆக வேண்டும் என்கிறார் மெக்கானிக். ஓட்டத்தில் குறை தெரியவில்லை. மாற்றலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். முதல் பேங்கில் (என்ஜினின் முதல் சிலிண்டர் உள்ள பக்கத்தில்) கன்வெர்ட்டரின் செயல்திறன் வரம்புக்குக் கீழே இறங்கியதாக இசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) கருதுகிறது என்பதுதான் அந்தக் கோடின் பொருள். ஏன் இறங்கியது என்பதை அது சொல்வதில்லை. கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் ஆக்சிஜன் சென்சார்கள் உள்ளன. முன் சென்சார் ஏறத்தாழ 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்கும். கன்வெர்ட்டருக்குள் தேன்கூடு போன்ற பீங்கானில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவற்றுடன் பூசப்பட்டிருக்கும் சீரியம் ஆக்சைடு, ஆக்சிஜனைச் சேமித்து வைத்துத் தேவைப்படும்போது விடுவதால், பின் சென்சார் 0.6, 0.7 வோல்ட்டை ஒட்டி ஆடாமல் நிற்க வேண்டும். அதுவும் முன்னதைப் போல ஆடத் தொடங்கினால் இந்தக் கோடு பதிவாகும்.

ஆனால் புகைக்குழாயில் வாயுக் கசிவு இருந்தாலும் அது பின் சென்சாரை ஆட்டி வைக்கும். சென்ற மாதம், இன்னொரு பட்டறையில் கன்வெர்ட்டரை மாற்றச் சொல்லியிருந்த ஒரு கார் என்னிடம் வந்தது. காலையில் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்ததும் என்ஜினிலிருந்து புகையை வெளியேற்றும் மேனிஃபோல்டு அருகே ‘டிக் டிக்’ என்று ஓசை கேட்டது. இரும்பு சூடேறி விரிந்ததும் அடங்கிவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தபோது இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டின் ஓரத்தில் நகக்கண் அளவுக்குக் கரி படிந்திருந்தது. அந்த இடுக்கின் வழியே உள்ளே இழுக்கப்பட்ட வெளிக்காற்றுதான் சென்சாரின் கணக்கைக் குலைத்திருந்தது. கேஸ்கெட்டை மாற்றிக் கோடை அழித்து ஓட்டிப் பார்த்ததில் பின் சென்சார் நிலைகொண்டது. கசிவு, மிஸ்ஸிங் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது), ஃபியூயல் டிரிம் (பெட்ரோல் அளவில் இசியூ செய்யும் திருத்தம்) ஆகிய மூன்றையும் பார்க்காமல் கன்வெர்ட்டரில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: எட்டு மாதங்களுக்கு முன் புதிய கன்வெர்ட்டர் போட்டோம். அதே கோடு மறுபடி வந்துவிட்டது. மட்டமான பொருளா?

பதில்: இருக்கலாம். ஆனால் பழையதைக் கெடுத்தது எது என்று பார்த்தீர்களா? என்ஜின் ஆயில் எரிந்தால் அதிலுள்ள பாஸ்பரஸ் பூச்சின் மேல் படிந்து அதை முடக்கிவிடும். மிஸ்ஸிங் இருந்தால் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து பீங்கானையே உருக்கிவிடும். ஆயில் அளவு குறைகிறதா, மிஸ்ஸிங்கைக் குறிக்கும் பி0300 வரிசையில் கோடு ஏதேனும் உள்ளதா என்று பாருங்கள். விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வண்டியை மேலும் ஓட்டாதீர்கள்.

கேள்வி: டீசல் காரில் டிபிஎஃப் (புகைக்கரி வடிகட்டி) விளக்கு எரிகிறதே?

பதில்: டீசல் என் துறை அன்று; டீசல் பார்ப்பவரிடம் கேளுங்கள்.

கேள்வி: நான் மூத்த மெக்கானிக். 1995இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமான காலத்திலிருந்து பார்த்து வருகிறேன். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளந்து, முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் சூடு கூடாவிட்டால் கன்வெர்ட்டர் முடிந்தது என்று பொருள். இவ்வளவு சுற்றி வளைப்பது எதற்கு?

பதில்: ஐயா, அன்றைய கார்புரேட்டர் என்ஜின்களுக்கு உங்கள் முறை பொருந்தியது. அவற்றிலிருந்து எரியாத பெட்ரோல் நிறைய வந்து கன்வெர்ட்டரில் எரிந்ததால் பின்பக்கம் சூடேறியது. இன்றைய என்ஜினில் எரிய மிச்சம் இருப்பதே குறைவு. நல்ல கன்வெர்ட்டரிலும் வேறுபாடு அற்பமாக இருக்கலாம். மேலும், பளபளக்கும் எஃகின் மேல் அந்தக் கருவி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். இசியூ சூட்டை அளக்கவில்லை. ஆக்சிஜன் சேமிப்பைத்தான் கணிக்கிறது.

அவரே மீண்டும்: சூட்டை வைத்து நான் கண்டுபிடித்த அடைப்புகள் எத்தனையோ. அவையெல்லாம் பொய்யா?

பதில்: பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அடைப்பு வேறு, பி0420 வேறு. அடைத்துக்கொண்ட கன்வெர்ட்டர் எந்தக் கோடும் தராமலே பிக்கப்பைக் கொன்றுவிடும். முன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தமானியைப் பொருத்துங்கள். 2,500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐக்கு மேல் காட்டினால் அடைப்பு என்று சந்தேகிக்கலாம். வாடிக்கையாளரைப் பெருந்தொகை செலவழிக்கச் சொல்லும் முன் இதை நீங்களும் செய்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: புகைச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. பிறகு ஏன் விளக்கு எரிகிறது?

பதில்: அந்தச் சோதனை நின்ற வண்டியில் சில நிமிடங்களில் முடிவது, இசியூ ஓடும் வண்டியில் கணிக்கிறது. ஒன்றில் தேறியதால் மற்றொன்று தவறாகிவிடாது.

கேள்வி: பி0420 வந்துள்ளது. கன்வெர்ட்டரை மாற்றலாமா?

பதில்: இதே கேள்வி இன்று நான்காவது முறையாக வருகிறது. முதல் பதிலைப் படியுங்கள். கசிவு, மிஸ்ஸிங், ஃபியூயல் டிரிம்.

கேள்வி: உள்ளே இருப்பதை உடைத்து எடுத்துவிட்டு, பின் சென்சாருக்கு ஸ்பேசர் (சென்சாரைப் புகையிலிருந்து தள்ளி நிறுத்தும் துண்டு) போட்டால் விளக்கு அணைந்துவிடுமாமே?

பதில்: விளக்கு அணையலாம், கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் அப்படியே உங்கள் தெருவில் இறங்கும். தயாரிப்பாளர் குறித்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் தடுக்கிறது. இதற்கு வழி கேட்டு வேறு யார் எழுதினாலும் நான் பதில் தரமாட்டேன்.