கப்பல் சுற்றுலா: விளம்பரக் கட்டணத்தை நம்பி பட்ஜெட் போடலாமா?

கேள்வி: இன்னும் 12 மாதத்தில் கணவர், இரண்டு பிள்ளைகளுடன் கரீபியன் தீவுகளுக்கு 7 இரவு கப்பல் சுற்றுலா போக ஆசை. விளம்பரத்தில் பார்த்த கட்டணத்தில் பாதி கையில் இருக்கிறது. மீதிக்குத் தனிநபர் கடன் வாங்கலாமா?

பதில்: கடன் வேண்டாம். ஒரு வாரப் பயணத்துக்கு வருடக்கணக்கில் வட்டி கட்ட நேரும். உங்களுக்கு இருக்கும் அவகாசத்தில் சேமித்தே போகலாம்.

முதலில் மொத்தச் செலவைப் பாருங்கள். விளம்பரத் தொகை பெரும்பாலும் ஓர் அறையில் இருவர் தங்கும்போது தலைக்கு ஆகும் கட்டணம். மூன்றாவது, நான்காவது ஆளுக்கு அது குறையலாம். ஆனால் துறைமுக வரியும் கப்பல் ஊழியர்களுக்கான டிப்ஸும் பிள்ளைகளுக்கும் சேர்த்தே கட்ட வேண்டும். டிப்ஸைத் தலைக்கு, இரவுக்கு என்று கணக்கிடுவார்கள். 4 பேர், 7 இரவு என்றால் 28 பங்கு! இதோடு வைஃபை, குளிர்பானங்கள், தீவுகளில் சுற்றிப் பார்க்கும் செலவு. எல்லாம் சேர்த்து, கட்டணத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஒதுக்குங்கள். விமான டிக்கெட் தனி.

அடுத்தது தேதி. பலர் சறுக்குவது இங்கேதான். முன்பணம் போக மீதியைக் கப்பல் புறப்படும் நாளில் கட்டுவதில்லை. பொதுவாக 90 நாள் முன்பே கட்டி முடிக்க வேண்டும். ஆக, கட்டண பாக்கியைச் சேர்க்க உங்களுக்கு 9 மாதம்தான். பாக்கியை 9-ஆல் வகுத்து, சம்பளம் வந்ததும் அதைத் தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். டிப்ஸ், சுற்றிப் பார்க்கும் செலவுக்கு மட்டும் 12 மாதமும் உண்டு. கெடு தாண்டி ரத்து செய்தால், நாள் நெருங்க நெருங்கப் பிடித்தம் ஏறும். கடைசி வாரங்களில் கட்டணம் முழுவதுமே போய்விடும். கெடுவுக்கு முன் விலை இறங்கினால், குறைந்த விலைக்கு மாற்றித் தரக் கேளுங்கள். பல நிறுவனங்கள் மாற்றித் தருகின்றன. முன்பணம் திரும்பக் கிடைக்கும் வகையா என்பதையும் கட்டும் முன்பே பார்த்துவிடுங்கள்.

அட்லாண்டிக் புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஆகஸ்ட் பாதியிலிருந்து அக்டோபர் பாதி வரை உச்சம். மலிவாகக் கிடைப்பதும் அப்போதுதான். புயலுக்காகக் கப்பல் ஒரு தீவைத் தவிர்த்தால் கட்டணம் திரும்பாது, பெரும்பாலும் அந்தத் துறைமுக வரி மட்டுமே கிடைக்கும். விமானம் தாமதமானாலும் கப்பல் காத்திருக்காது. ஒரு நாள் முன்பே போய்ச் சேர்ந்து, அந்த இரவு ஓட்டல் வாடகையையும் கணக்கில் சேருங்கள்.

பயணக் காப்பீட்டை முன்பணம் கட்டிய கையோடு எடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான பாதுகாப்பு, தாமதித்தால் கிடைக்காமல் போகலாம். நடுக்கடலிலிருந்து நோயாளியைக் கரைக்குக் கொண்டுவரும் செலவு அதில் அடங்குகிறதா என்று கட்டாயம் பாருங்கள். அந்த ஒரு பில் குடும்பச் சேமிப்பையே கரைத்துவிடும்.

கப்பலில் நீங்கள் செய்யும் செலவெல்லாம் ஏறும் கணக்குக்கு டெபிட் கார்டு கொடுக்காதீர்கள். உத்தேசத் தொகையைத் தினமும் முடக்கி வைப்பார்கள். அது விடுபடச் சில நாள் ஆகும், அதுவரை உங்கள் சொந்தப் பணத்தை எடுக்க முடியாது. கிரெடிட் கார்டு கொடுங்கள், பில்லை டாலரிலேயே போடச் சொல்லுங்கள், ஊர் திரும்பியதும் முழுவதையும் அடைத்துவிடுங்கள்.