வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் கலை, சமூக அறிவியல் பாடங்கள்: கேள்வி பதில்

பட்டப்படிப்பின் நடுவே ஒரு செமஸ்டரோ ஓராண்டோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் படிக்கச் செல்பவர்கள், அங்கே வரலாறு, சமூகவியல், இலக்கியம், மெய்யியல் போன்ற பாடங்களைத் தேர்ந்தெடுப்பது பற்றியும் படிப்பது பற்றியும் அனுப்பியிருந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். வரலாற்றுத் துறையில் பாடம் நடத்துவதோடு, திரும்பி வரும் மாணவர்கள் அங்கே படித்த பாடங்களை இங்கே பட்டத்துக்குரிய கிரெடிட்டாக ஏற்கக் கோரும் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் பொறுப்பும் என்னிடம் இருப்பதால், பதில்களில் விண்ணப்பத்தைப் பார்ப்பவரின் கண்ணோட்டம் சற்றுத் தூக்கலாகவே இருக்கும். விசா, விடுதி, உதவித்தொகை பற்றிய கேள்விகளை ஒதுக்கிவிட்டேன். அவை தனியாகப் பேச வேண்டியவை.

கேள்வி: வணக்கம் ஐயா. வரலாறு மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த செமஸ்டர் ஐரோப்பாவில். எங்கள் துறைப் பாடங்களின் பெயரோடு ஒத்துப்போகும் மூன்று பாடங்களை அங்குள்ள பட்டியலில் கண்டுபிடித்துவிட்டேன். கிரெடிட் கிடைத்துவிடும் என்று நம்பிப் புறப்படலாமா?

பதில்: பெயரை மட்டும் நம்பிப் புறப்படாதீர்கள். இந்தத் துறைகளில் தலைப்பு சொல்வது மிகக் குறைவு. ‘நவீன ஐரோப்பா’ என்ற தலைப்பில் ஓரிடத்தில் 1789 தொடங்கி 1945 வரை விரிவுரையாக ஓடும்; இன்னோரிடத்தில் இரு போர்களுக்கு இடைப்பட்ட காலத்தின் சுவரொட்டிகளை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு ஒரு சிறு குழு செமஸ்டர் முழுவதும் விவாதிக்கும். இரண்டுமே நல்ல பாடங்களாக இருக்கலாம், ஆனால் உங்கள் துறையின் கட்டாயப் பாடத்துக்கு ஈடாக இரண்டையும் ஏற்க முடியாது. ஆகவே முழுப் பாடத்திட்டத்தை வரவழைத்து, வாசிப்புப் பட்டியலையும், எத்தனை பக்கம் எழுத வேண்டும் என்பதையும், மதிப்பீடு எப்படி என்பதையும் பாருங்கள். விண்ணப்பம் என்னிடம் வரும்போது நான் முதலில் புரட்டுவது வாசிப்புப் பட்டியலைத்தான்.

அடுத்தது கணக்கு. ஐரோப்பியக் கிரெடிட் முறையில் ஒரு முழு ஆண்டுக்கு 60 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. பிரிட்டனில் ஆண்டுக்கு 120 என்பதால் அங்குள்ள எண்ணைப் பாதியாக்க வேண்டும். அமெரிக்காவில் ஒரு செமஸ்டருக்கு வழக்கமாக 15, ஒரு பாடத்துக்குப் பெரும்பாலும் 3. அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்திருக்கும் ஒருவர் ஐரோப்பாவில் 5 கிரெடிட் பாடம் ஒன்றை முடித்துவிட்டுத் திரும்பினால், அது இரண்டரையாகிவிடும்; துறை கேட்பது 3 என்றால் அந்த அரைக் கிரெடிட்டுக்காக இன்னொரு பாடம் எடுக்க நேர்ந்தவர்கள் உண்டு.

ஐரோப்பாவின் மாணவர் பரிமாற்றத் திட்டமாக 1987இல் தொடங்கிய எராஸ்மஸின்கீழ் செல்பவர்களுக்குக் கற்றல் ஒப்பந்தம் என்ற ஆவணம் உண்டு. மாணவர், அனுப்பும் பல்கலைக்கழகம், ஏற்கும் பல்கலைக்கழகம் ஆகிய மூவரும் அதில் கையொப்பமிட வேண்டும். வேறு வழியில் செல்பவர்கள் அதற்கு இணையான ஒப்புதலைத் துறைத்தலைவரிடமிருந்து மின்னஞ்சலிலாவது பெற்றுக்கொள்ள வேண்டும். ‘போய் வாருங்கள், பார்த்துக்கொள்ளலாம்’ என்ற வாய்ச்சொல் ஒப்புதல் ஆகாது; நீங்கள் திரும்பும் வேளையில் அதைச் சொன்னவர் அந்தப் பொறுப்பில் இல்லாமல் போகலாம். மூன்று பாடம் வேண்டுமென்றால் ஐந்து பாடங்களுக்கு ஒப்புதல் வாங்குங்கள். இடம் நிரம்பிவிடுவதும், ஆசிரியர் விடுப்பில் செல்வதால் பாடமே கைவிடப்படுவதும் எங்கும் நடப்பதுதான்.

கேள்வி: மானிடவியல் அறிமுகப் பாடத்தை ஏற்கெனவே முடித்துவிட்டேன். போகும் இடத்திலும் அறிமுகப் பாடம்தான் திறந்திருக்கிறது. திரும்ப எடுப்பது வீண்தானே?

பதில்: எங்கிருந்து எங்கே போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அமெரிக்க மரபில் மானிடவியல் என்பது பண்பாட்டு மானிடவியல், தொல்லியல், உடல்சார் மானிடவியல், மொழிசார் மானிடவியல் என்ற நான்கு கிளைகளையும் ஒரே கூரையின்கீழ் வைத்திருக்கும். அங்கே அறிமுகப் பாடத்தில் மண்டையோட்டு அளவுகளும் வரும், உறவுமுறைகளும் வரும். பிரிட்டனில் மாலினோவ்ஸ்கியும் ராட்கிளிஃப்-பிரவுனும் வளர்த்தெடுத்த சமூக மானிடவியலில் உறவுமுறை, சடங்கு, பரிமாற்றம், அதிகாரம் ஆகியவைதான் மையம். தொல்லியல் பெரும்பாலும் தனித் துறை. ஆகவே ஒரு மரபில் அறிமுகம் முடித்தவர் இன்னொரு மரபின் அறிமுகத்தில் உட்கார்ந்தால் பாதிக்கு மேல் புதிதாகவே இருக்கும்.

மெய்யியலிலும் இதே கதைதான், இன்னும் கடுமையாக. மொழிப் பகுப்பாய்வையும் தருக்கத்தையும் முன்னிறுத்தும் துறையில் பயின்றவர், ஜெர்மன் மெய்யியலாளர்களான ஹெகலையும் ஹைடெக்கரையும் வரிவரியாக வாசிக்கும் துறைக்குப் போனால், படிப்பது ஒரே பாடம்தானா என்று முதல் மாதத்தில் ஐயப்படுவார். அந்த ஐயத்துக்காகவே போகலாம் என்பது என் கட்சி. ஆனால் கிரெடிட் குழு ‘ஒரே பாடத்தை இருமுறை எடுத்திருக்கிறார்’ என்று தள்ளிவிடக்கூடும் என்பதால், இரு பாடத்திட்டங்களையும் அருகருகே வைத்து வேறுபாட்டை அரைப் பக்கத்தில் எழுதி முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: நான் பொறியியல் மாணவன். ஒரு கலைப் பாடம் எடுத்தே ஆக வேண்டும் என்கிறார்கள். எளிதான பாடம் ஒன்று சொல்லுங்களேன்.

பதில்: எழுத்து வேலை இல்லாத கலைப் பாடம் அரிது. மெய்யியல் துறை நடத்தும் தருக்கவியல் அறிமுகத்தைப் பாருங்கள். மற்றவர்கள் அஞ்சி ஓடும் அந்தப் பாடம் உங்களுக்குப் பழகிய வேலையாக இருக்கும். அது வேண்டாமென்றால், போகும் நகரத்திலேயே கண்ணால் பார்த்துப் படிக்கக்கூடிய கலை வரலாறோ கட்டடக்கலை வரலாறோ எடுங்கள்.

கேள்வி: பிரிட்டனில் படிக்கிறேன். ஊரில் 85க்குக் குறையாமல் வாங்கியவள், முதல் கட்டுரைக்கு 58 வாங்கியிருக்கிறேன். ‘தொழிற்புரட்சி தொழிலாளர்களின் வாழ்க்கைத் தரத்தை உயர்த்தியதா?’ என்பது கேள்வி. ‘தகவல் நிறைய இருக்கிறது, வாதம் இல்லை’ என்று ஆசிரியர் ஓரத்தில் எழுதியிருக்கிறார். என் முதல் வரி: ‘தொழிற்புரட்சி மனித வரலாற்றில் பல மாற்றங்களைக் கொண்டுவந்த மிக முக்கியமான நிகழ்வாகும்.’ எங்கே தவறினேன்?

பதில்: முதலில் எண்ணைப் பற்றிய பதற்றத்தைத் தணித்துக்கொள்ளுங்கள். அங்கே தேர்ச்சிக்கு 40, முதல் வகுப்புக்கு 70. கலைப் பாடக் கட்டுரை 80ஐத் தாண்டுவது அரிது. ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் அளவுகோல். பிரான்சில் 20க்கு 10 தேர்ச்சி, 14 வாங்கினாலே நல்ல மதிப்பெண். இத்தாலியில் 30க்கு 18 தேர்ச்சி. ஜெர்மனியில் தலைகீழாக 1.0 உச்சம், 4.0 கடைசித் தேர்ச்சி. டென்மார்க்கில் மேலே 12, அடியில் எதிர்மறை எண்ணாக −3. இவற்றைச் சதவீதமாக நினைத்து மனம் உடைபவர்கள் அதிகம். உங்கள் பல்கலைக்கழகத்தின் மதிப்பெண் மாற்று அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். வெளியில் எடுத்த பாடங்களுக்கு ‘தேர்ச்சி’ என்று மட்டும் பதிவு செய்து, சராசரியில் சேர்க்காத பல்கலைக்கழகங்களும் பல உண்டு; உங்களுடையது அப்படிப்பட்டதென்றால் இந்த 58 உங்கள் சராசரியைத் தொடவே தொடாது.

இனிக் கட்டுரை. நீங்கள் எழுதிய முதல் வரியை உலகில் யாராலும் மறுக்க முடியாது, சிக்கல் அதுதான். எவரும் மறுக்க முடியாத வரி வாதமாகாது. உங்கள் ஆசிரியர் கேட்டது ‘உயர்த்தியதா?’ என்பது, நீங்கள் சொன்னது ‘முக்கியமானது’ என்பது. இந்தக் கேள்வியில் வரலாற்றாசிரியர்கள் பல பத்தாண்டுகளாகப் பிரிந்து நிற்கிறார்கள். விலைவாசியைக் கருத்தில் கொண்ட உண்மைக் கூலியைக் கணக்கிட்டவர்களில் ஒரு சாரார் உயர்வைக் கண்டார்கள். படைவீரர் பதிவேடுகளிலிருந்து உடல் உயரத்தை ஆராய்ந்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியை நெருங்கும்போது சரிவைக் கண்டார்கள். இதைப் படித்தபின் முதல் வரி இப்படி வரலாம்: ‘1840கள் வரையிலான கூலி உயர்வை மட்டும் கொண்டு வாழ்க்கைத் தரம் உயர்ந்தது என்று சொல்வது, நெரிசல் மிகுந்த நகரங்களில் அந்தக் கூலி எதை வாங்கித் தந்தது என்ற கேள்வியை விட்டுவிடுகிறது.’ இதை ஒருவர் மறுக்கலாம். மறுக்க முடிவதால்தான் அடுத்த பத்தியில் உங்களுக்கு வேலை இருக்கிறது. இரண்டாம் கட்டுரையை எழுதும் முன், ஒரு பக்க வரைவை எடுத்துக்கொண்டு ஆசிரியரின் சந்திப்பு நேரத்தில் போய்ப் பாருங்கள். அந்த நேரம் அதற்காகவே ஒதுக்கப்பட்டது.

கேள்வி: செமினார் வகுப்பில் எல்லோரும் பேசுகிறார்கள், எனக்கு வாய் திறப்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. பங்கேற்புக்கும் மதிப்பெண் உண்டாம்.

பதில்: முதல் பத்து நிமிடத்துக்குள் பேசிவிடுங்கள், அதற்குப் பிறகு பேச்சு வேகம் எடுத்துவிடும். வாசிப்பிலிருந்து பக்க எண்ணோடு ஒரு கேள்வியை எழுதி எடுத்துப் போங்கள். ‘42ஆம் பக்கத்தில் ஆசிரியர் இப்படிச் சொல்வது அவருடைய முந்தைய கருத்தோடு பொருந்துகிறதா?’ என்று கேட்டாலே போதும், வகுப்பு உங்களைச் சுற்றி நகரும். பேசுபவர்கள் எல்லோரும் முழுவதையும் படித்துவிட்டுப் பேசுவதாகவும் எண்ணிவிட வேண்டாம்.

கேள்வி: ஜனவரியில் ஜெர்மனிக்குப் போய் ஜூனில் திரும்ப வேண்டும். சரிவருமா?

பதில்: கடினம். பெரும்பாலான ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் குளிர்காலச் செமஸ்டரின் வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரி வரையும், கோடைச் செமஸ்டரின் வகுப்புகள் ஏப்ரல் நடுவில் தொடங்கி ஜூலை வரையும் நடக்கும். நீங்கள் ஒன்றின் வாலிலும் மற்றொன்றின் தலையிலும் இருப்பீர்கள். கலைத் துறைகளில் இன்னொரு சிக்கலும் உண்டு: செமினார் கட்டுரையை வகுப்புகள் முடிந்தபின் விடுமுறையில்தான் எழுதிக் கொடுப்பார்கள், ஆகவே மதிப்பெண் பட்டியல் மாதங்கள் கழித்து வரலாம். இறுதியாண்டு மாணவர் என்றால் பட்டமே அதனால் தள்ளிப்போகும். முன்கூட்டியே கட்டுரை தர அனுமதிப்பாரா என்று பாட ஆசிரியரிடம் முதல் வாரத்திலேயே கேளுங்கள்.

கேள்வி: வணக்கம். சமூகவியல் மாணவி. போகும் நகரத்தில் புகலிடம் கோரி வந்தவர்களைப் பேட்டி கண்டு கள ஆய்வு செய்ய விரும்புகிறேன். ஒலிப்பதிவுக் கருவியோடு போய்ப் பேசினால் போதும் அல்லவா?

பதில்: போதாது. மனிதர்களிடமிருந்து தகவல் திரட்டும் ஆய்வுக்குப் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அமெரிக்காவில் 1979இல் வெளியான பெல்மாண்ட் அறிக்கை வகுத்த மனிதருக்கான மதிப்பு, நன்மை செய்தல், நீதி என்ற மூன்று கொள்கைகள் அங்குள்ள விதிகளுக்கு அடித்தளம். வகுப்புக்கு மட்டுமான பயிற்சியென்றால் பாட ஆசிரியரே அனுமதிக்கக்கூடும். அதையே பின்னர் ஆய்வேட்டில் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே ஒப்புதல் பெறுங்கள், பேட்டி முடிந்தபின் கேட்டால் தரமாட்டார்கள். இரு பல்கலைக்கழகங்களிலும் விண்ணப்பிக்க வேண்டி வரலாம், வாரக்கணக்கில் ஆகும். ஒரு செமஸ்டரில் அது பெரும் பங்கு.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிகளின்படி ஒருவரின் குரல் பதிவும் தனிநபர் தரவே. அதைச் சொந்தக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு சுற்றக் கூடாது. இவற்றுக்கெல்லாம் மேலாக, நீங்கள் தேர்ந்தெடுத்திருப்பவர்கள் வழக்கு நிலுவையில் இருப்பவர்கள். ஒப்புதல் படிவத்தில் கையொப்பம் கேட்பதே அவர்களை அச்சுறுத்தும், உங்களிடம் சொன்ன ஒரு தேதி அவர்களுடைய விண்ணப்பத்தில் உள்ள தேதியோடு முரண்பட்டால் விளைவை அவர்கள்தான் சுமக்க வேண்டும். முதல் கள ஆய்வுக்கு இந்தக் குழுவை நான் பரிந்துரைக்கமாட்டேன். அவர்களுக்கு உதவும் அமைப்புகளின் பணியாளர்களையோ மொழிபெயர்ப்பாளர்களையோ பேட்டி கண்டாலே உங்கள் கேள்விகளில் பலவற்றுக்கு விடை கிடைக்கும்.

கேள்வி: காலனியக் கால வணிகம் பற்றி எழுதுகிறேன். ஐரோப்பாவில் இருக்கும்போது ஆவணக் காப்பகத்தில் வேலை செய்ய ஆசை. எங்கே தொடங்குவது?

பதில்: எது எங்கே இருக்கிறது என்பதிலிருந்து. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்கள் ஹேக் நகரின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆங்கிலக் கம்பெனியின் ஏடுகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்திலும், காலனி அமைச்சகத்தின் கடிதங்கள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலும் உள்ளன. பிரெஞ்சுக் காலனி ஆவணங்களைத் தேடிப் பாரிசுக்குப் போகிறவர்கள், கடல்கடந்த பகுதிகளுக்கான காப்பகம் தெற்கே எக்ஸ்-ஆன்-புரோவான்சில் இருப்பதை அங்கே போனபிறகு அறிகிறார்கள்.

போகும் முன் இணையப் பட்டியலில் தொகுதி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், கியூவில் சி.ஓ. (காலனி அமைச்சகம்) 273 என்றால் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் கடிதப் போக்குவரத்து என்பது போல ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. மூல ஆவணம் பார்க்க வாசகர் அட்டை வேண்டும், அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கேட்பார்கள். பேனா அனுமதியில்லை, பென்சில் மட்டுமே. சொந்தக் கேமராவால் படம் எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கோப்பையும் படம் எடுக்கும் முன் அதன் எண் எழுதிய தாளை முதலில் படம் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் திரும்பிய பிறகு ஆயிரம் படங்களில் எது எந்தக் கோப்பு என்று தெரியாது. பதினேழாம் நூற்றாண்டு டச்சுக் கையெழுத்தை வாசிக்கத் தனிப் பயிற்சி தேவை. சில பல்கலைக்கழகங்கள் அதைப் பாடமாகவே நடத்துகின்றன, கிடைத்தால் விடாதீர்கள்.

கேள்வி: உள்ளூர் மொழி ஓரளவு தெரியும். ஆங்கிலவழிப் பாடங்களையே எடுக்கட்டுமா, உள்ளூர் மொழியில் ஒன்றாவது எடுக்கட்டுமா?

பதில்: ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் பி2 எனப்படும் மேல் இடைநிலையை எட்டியிருந்தால் ஒன்று எடுங்கள், அதுவும் விரிவுரைப் பாடமாக. செமினாரில் பேசி, பதினைந்து பக்கக் கட்டுரை எழுத அந்த நிலை போதாது. வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே நடத்தப்படும் ஆங்கிலவழிப் பாடங்களில் உள்ளூர் மாணவர் ஒருவர்கூட இல்லாமல் போவதுண்டு. அப்படிப்பட்ட பாடங்களை மட்டுமே எடுத்துத் திரும்புவது எனக்கு வருத்தமாகப் படுகிறது. கட்டுரையை வேறு மொழியில் எழுதித் தர சில ஆசிரியர்கள் அனுமதிப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: அங்கே எழுதிய செமினார் கட்டுரையையே ஊரில் இறுதியாண்டு ஆய்வேடாகக் கொடுக்கலாமா? நான் எழுதியதுதானே?

பதில்: அப்படியே கொடுக்கக் கூடாது. ஒரே எழுத்துக்கு இருமுறை கிரெடிட் பெறுவதைப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் முறைகேடாகவே பார்க்கின்றன; கட்டுரையோடு நீங்கள் அங்கே கையொப்பமிட்ட உறுதிமொழியிலேயே அது இருக்கக்கூடும், எடுத்துப் படித்துப் பாருங்கள். அதே கேள்வியை விரித்து, புதிய சான்றுகளைச் சேர்த்து, பழைய கட்டுரையை அடிக்குறிப்பில் வெளிப்படையாகச் சுட்டி எழுதுவதற்கு நெறியாளர் ஒப்புக்கொள்வார் என்றால் தடையில்லை. அந்த ஒப்புதலையும் எழுத்தில் வாங்குங்கள். பல்கலைக்கழகம் தந்த மின்னஞ்சல் கணக்கு நீங்கள் வெளியேறிய சில மாதங்களில் மூடப்பட்டுவிடும் என்பதால், திருத்தக் குறிப்புகளோடு கூடிய கட்டுரைகளையும் பாடத்திட்டங்களையும் புறப்படும் முன்பே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.