ஒரே காளான், இரண்டு அறிக்கை

வணக்கம். கலிபோர்னியாவில் உங்கள் மதச் சபையின் சடங்குக் காளானில் மனமயக்கம் தரும் பொருள் 0.60 சதவீதம் என்று ஓர் ஆய்வகம் சொல்கிறது, மற்றொன்று 0.88 என்கிறது. சபையார் முதல் ஆய்வகத்தை மோசடி என்கிறார்கள்; யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். யாரையும் திட்டுவதற்கு முன், அந்த எண் எதைக் குறிக்கிறது என்று பாருங்கள். முதல் அறிக்கையில் இருப்பது சிலோசைபின் என்ற மனமயக்கப் பொருள் மட்டுமா? இரண்டாவதில் ‘மொத்தம்’ என்று இருக்கிறதா? காளான் நசுங்கினாலும் ஈரப்பட்டாலும் சிலோசைபினின் ஒரு பகுதி சிலோசின் என்ற வேறொரு மனமயக்கப் பொருளாக மாறுகிறது. மொத்தக் கணக்கில், இரண்டின் மூலக்கூறு எடை வேறுபாட்டை ஈடுகட்ட, சிலோசினை 1.39 ஆல் பெருக்கிச் சேர்ப்பார்கள். 0.60 உடன் 0.20 சிலோசின் இருந்தால் 0.60 + 0.28 = 0.88. ஆக இருவரும் உண்மையே சொல்லியிருக்கலாம்!

அப்படி இல்லையென்றால் மாதிரியைச் சந்தேகியுங்கள். ஒரே தட்டில் வளர்ந்த காளான்களிலேயே வீரியம் கணிசமாக மாறும். குடைக்கும் தண்டுக்கும்கூட வேறுபாடு உண்டு. முழுக் காளானாக ஆய்வகத்துக்கு ஒன்று அனுப்பியிருந்தால் அந்த ஒப்பீடே வீண். நன்றாக உலர்த்தி, மொத்தத்தையும் பொடியாக்கிக் கலந்து, அதை இரண்டு ஆய்வகங்களுக்கும் பாதிப் பாதியாகப் பிரித்து அனுப்ப வேண்டும். ஈரப்பதத்தையும் அறிக்கையில் கேளுங்கள்.

சபையின் வழக்கில் இந்த எண் உதவுமா என்ற உங்கள் கேள்விக்கு: பெரிதாக உதவாது. 2006இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு பிரேசிலிய சபையின் ஹோஸ்கா என்ற சடங்குத் தேநீரை அனுமதித்தபோது, அதில் டிஎம்டி என்ற தடைசெய்யப்பட்ட மனமயக்கப் பொருள் இருப்பதை யாரும் மறுக்கவில்லை. 1993ஆம் ஆண்டின் மத சுதந்திர மீட்புச் சட்டப்படி, தடைக்கு வலுவான காரணத்தை அரசு காட்டியதா என்பதே அங்கே கேள்வி. ஆனால் சடங்கில் எவ்வளவு கொடுப்பது என்று முடிவு செய்பவருக்கு இந்த எண் முக்கியம். குழப்பம் தீரும்வரை அந்தத் தொகுதிக் காளானை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.