உள்ளாட்சி நிதி ஆராய்ச்சியில் எதிர்காலம் உண்டா?

பெங்களூரில் எம்.ஏ. பொருளாதாரம் படிக்கும் நீங்கள், உள்ளாட்சி நிதியை ஆராய்ந்தே பேராசிரியராக முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், பங்குச்சந்தைப் படிப்புக்குள்ள பகட்டு மட்டும் இதற்கு இல்லை.

1992-இல் நிறைவேறிய 73, 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தங்கள், ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாநில நிதி ஆணையம் அமைக்கப்பட வேண்டும் என்று விதித்ததிலிருந்து, மாநில வரி வருவாயில் ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் எவ்வளவு பங்கு என்று கணக்கிட்டுச் சொல்லும் ஆய்வாளர்களின் தேவை நிலையானதாகிவிட்டது. பொருளாதார அறிஞர் வி.கே.ஆர்.வி. ராவ் 1972-இல் நிறுவிய சமூக, பொருளாதார மாற்ற நிறுவனம் உங்களுக்கு அருகில் நாகர்பாவியிலேயே இருக்கிறது. முனைவர் பட்ட ஆய்வுக்கு முதலில் அங்கே விசாரியுங்கள்.

தலைப்பைத் தேடி அலைய வேண்டாம். அல்சூரில் உங்கள் வீட்டுச் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். 2008-இல் வந்த முறை, தெருக்களை ஆறு மண்டலங்களாகப் பிரித்து, சதுர அடிக்கு இவ்வளவு என்று மதிப்பிட்டது. மண்டல எல்லையில் எதிரெதிரே நிற்கும் இரு வீடுகள் வெவ்வேறு வரி கட்ட நேர்வது நியாயமா என்பதே நல்லதொரு ஆய்வுக் கேள்வி. மாநகராட்சிக் கணக்குகளைத் திரட்டுவதுதான் (பொறுமை வேண்டும்) பெரும்பாடு.

அரசு நிதியை ஆராய்ந்தே உயர்ந்தவர்களும் உண்டு: தமிழரான பொருளாதார அறிஞர் ராஜா செல்லையா, டெல்லியில் 1976-இல் தொடங்கிய தேசியப் பொது நிதி, கொள்கை நிறுவனத்தின் முதல் இயக்குநராக இருந்து, 1991-இல் வரிச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமையேற்றார்.